சாம்பல் செடிக்கு ஃபேன் கூண்டு போட்டவர்

என் மாமாவுக்குச் செடி என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இப்போது மேட்டுக்காட்டுப் பக்கம் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் எல்லாம் அவரைப் பற்றிக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசுகிறார்கள். பச்சையாக எதைக் கண்டாலும் அவருக்குத் தும்மல் வரும். எங்கள் வீட்டு வாசலில் அம்மா வைத்திருந்த தொட்டிச் செடிக்கு மிச்ச டீயை ஊற்றி ஊற்றியே பரலோகம் அனுப்பிவைத்தவர் அவர்.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. ஃபேன் ரிப்பேர் செய்கிறவர். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு மேசை, மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுருட்டிக் காயில் கட்டும் கைமெஷின். சுவர் முழுக்க ஆணியில் மாட்டிய இறக்கைகள். மூலையில் கூரைவரைக்கும் அடுக்கிய பழைய ஃபேன் கூண்டுகள். ஓடுகிற ஃபேன் எல்லாம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடும், ஓடாதது மட்டும் மாமாவோடு இருக்கும். அதனால் ஊரிலேயே அதிகம் வேர்த்து வடிகிற மனிதர் ஃபேன்காரர்தான்.

கல்யாணம் ஆகவில்லை. எங்களோடுதான் இருக்கிறார். அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

"ஏன்டா, உனக்குன்னு ஒருத்தி வேணாமா?"

"யாராவது கொண்டாந்து குடுத்தா பாக்கலாம்க்கா. நானா போய் எதையும் எடுத்துட்டு வர்றதில்ல. கடை அப்படி."

அப்படி யாரோ கொண்டுவந்து கொடுத்ததுதான் மேனேஜர்.

ஒரு நாள் மத்தியானம் மாமா டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் யாரோ கடை வாசலில் ஒரு டேபிள் ஃபேன் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாமா வந்து அதன்மேல் 'சத்தம் வருது' என்று சாக்பீஸில் எழுதி உள்ளே வைத்தார். எழுதியது சரிதான், சத்தம் வந்தது. வரிசைப்படி அதன் முறை வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே ஓர் ஆட்டுக்குட்டி. கேட்டு யாரும் வரவில்லை. ரிப்பேருக்கு வந்த பொருளைத் தூக்கிப் போடுகிற பழக்கம் மாமாவுக்குக் கிடையாது.

பெட்டை ஆடு. வெள்ளை, ஒரு காது மட்டும் கறுப்பு. மேனேஜர் என்ற பெயரை வைத்தது அம்மா. ஒரு வேலையும் செய்யாமல் வாசலில் நின்றுகொண்டு, வேலை செய்கிறவர்களையே முறைத்துப் பார்க்கும். ஏதாவது உதவி கேட்டால் எழுந்து போய்விடும். வேறு என்ன பெயர் வைப்பது?

வளர்ந்த பிறகு ஒரு முறை, கூண்டு கழற்றியிருந்த ஒரு ஸ்டாண்டு ஃபேனை மேனேஜர் கடித்தது. ஃபேன் நின்றுவிட்டது என்று அது நினைத்திருக்க வேண்டும். நிற்கவில்லை. கீழ்வரிசையில் நடுப்பல் ஒன்று போயிற்று. மாமா அன்றைக்கு முழுக்க வேலை செய்யவில்லை. பல்லைத் தேடி எடுத்துக் கழுவி, ஸ்க்ரூ டப்பாவில் போட்டு வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பார்ட்ஸ் எதையும் தொலைக்கக் கூடாது" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேனேஜர் தழையைத் தரையில் போட்டு மிதித்து வீணாக்குகிறது என்று, மாமா தழையை ஒரு பழைய ஃபேன் கூண்டுக்குள் வைத்துச் சுவரில் மாட்டினார். முன்கூண்டு, பின்கூண்டு, சுற்றிலும் க்ளிப். அங்கங்கே கம்பியை வளைத்து விரித்த இடைவெளியில் இழுத்து இழுத்துத் தின்ன வேண்டும் என்பது ஏற்பாடு. மேனேஜர் கொஞ்ச நாள் அப்படித் தின்றது. பிறகு உதட்டை மடித்து க்ளிப்பை நெம்ப ஆரம்பித்தது. டக். டக். டக். கூண்டு வாயைப் பிளந்தது. மாமா வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் இதைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

"நம்ம கடையில ரெண்டு மெக்கானிக்."

கட்டிப்போட மாட்டார். கட்டினால் மேனேஜர் கத்தும், கத்தினால் மாமா அவிழ்த்துவிடுவார். "நீ ஆட்டை வளர்க்கல, அதுதான்டா உன்னை வளர்க்குது" என்பாள் அம்மா.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மனிதரைச் செடிச் சங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு சீலிங் ஃபேன்.

பல் டாக்டரம்மா வீட்டுக்கூடமே ஆஸ்பத்திரி. அங்கே ஃபேன் நின்றுவிட்டது. மாமா ஏணியில் ஏறி மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே டாக்டரம்மா, பிடுங்கிய பல்லை வைக்கிற தட்டில் ஒரு குச்சியை வைத்து, விளக்கை இழுத்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை. பல்லைக் காட்டுவது மற்றவர்கள் வேலை என்று நினைக்கிறாரோ என்னவோ.

"என்ன டாக்டரம்மா, குச்சிக்குப் பல் வலியா?" என்றார் மாமா மேலேயிருந்து.

"மேட்டுக்காட்டுச் செடி. ராத்திரியோட ராத்திரியா எதுவோ கடிச்சிருக்கு."

மேட்டுக்காடு என்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சரிவு. முள்ளும் கல்லும் புதரும். அதில் ஒரு குத்துச்செடி இருக்கிறது. இந்த மண்ணிலேயே பிறந்தது, யாரும் கொண்டுவந்து நட்டதில்லை. அதன் நிஜப் பெயரை டாக்டரம்மா சொன்னால் வாய் கொப்பளிப்பதுபோல இருக்கும். நாங்கள் சாம்பல் செடி என்போம், இலை அந்த நிறம். முன்பு சரிவு முழுக்க இருந்ததாம். இப்போது ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். பூத்து விதை விடுவதற்குள் ஏதாவது ஆடு வந்து நுனியைத் தின்றுவிடும். விதை விழுந்து பல வருஷம் ஆயிற்று. இருக்கிற செடிகள் எல்லாம் கிழடு. அதற்காகத்தான் டாக்டரம்மா சங்கம் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆட்களை வைத்து முள்வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஆடுகள் அந்த வேலியை முதலில் தின்றுவிட்டுப் பிறகு செடிக்குப் போயின.

"முயல் கடிச்சா கத்தியால சீவின மாதிரி சாய்வா இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "இது பிய்ஞ்சிருக்கு பாருங்க. மேல முன்பல்லே இல்லாத பிராணி. ஆடுதான். அதுலயும் ஒண்ணு..."

குச்சியைத் திருப்பினார்.

"நடுவுல ஒரே ஒரு நார் அறுபடாம நிக்குது. கீழ்வரிசையில நடுப்பல் இல்லாத ஆடு. அது மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

மாமா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. டாக்டரம்மா தலையில் விழவில்லை, தட்டில் விழுந்தது.

"கெபாசிட்டர் போயிருக்கு" என்றார் மாமா. குரலும்தான் போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா செடிச் சங்கத்தில் சேர்ந்தார். ஊரே ஆச்சரியப்பட்டது. நான் படவில்லை. களவு போன வீட்டில் முதலில் போய் ஒப்பாரி வைப்பவன் யார் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு விதி போட்டார்கள். மேட்டுக்காட்டில் மேய்ந்து பிடிபடுகிற ஆடு நகராட்சிப் பட்டிக்குப் போகும். பட்டியில் மறுநாளே ஏலம். ஏலம் எடுக்க வருகிறவர் எப்போதும் ஒரே ஆள், அவருக்குக் கறிக்கடை. சங்கத்தில் இருந்த தபால்காரரின் அக்கா வீட்டு ஆடுகளே பின்னால் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் டாக்டரம்மா. மாமா பயத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"என்ன ஒரு ஈடுபாடு" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் அம்மா கேட்டாள். "உன் ஆட்டுக்கு நீயே குழி வெட்டிட்டு வந்திருக்கியே, உனக்கு மூளை இருக்கா?"

"கை தூக்கலன்னா சந்தேகம் வரும்க்கா."

"ஒரு கை போதாதா?"

மாமா போய்க் கயிறு வாங்கி வந்தார். மேனேஜரைக் கட்டினார். அது கத்தியது. ஐந்து வீடு தள்ளி இருக்கிற குழந்தை எழுந்து அழுதது. அவிழ்த்துவிட்டார். ஆட்டைக் கட்ட முடியாவிட்டால் செடியைக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். மூலையில் அடுக்கியிருந்த கூண்டுகளைப் பார்த்தார். அப்போதுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய யோசனை அவருக்கு வந்தது.

ஃபேன் கூண்டு இரண்டு பாதி. நடுவில் மோட்டார் போகிற ஓட்டை. பின்பாதியின் ஓட்டையைக் கொஞ்சம் வெட்டி அகலப்படுத்தி, செடியின் அடித்தண்டைச் சுற்றி வைக்க வேண்டியது. மேலே முன்பாதியைக் கவிழ்த்து, சுற்றிலும் க்ளிப் மாட்டி, கீழே முளையடிக்க வேண்டியது. வெயில் போகும், மழை போகும், தேனீ போகும். ஆட்டு வாய் போகாது. பெரிய செடிக்கு ஸ்டாண்டு ஃபேன் கூண்டு, சின்னதுக்கு டேபிள் ஃபேன். எல்லாவற்றையும் தலையில் சுமந்து கொண்டுபோய் மாட்டினார், ஒவ்வொரு செடிக்கும் இரண்டு மூன்று தும்மல் போட்டபடி. சரிவில் தள்ளி நின்று பார்த்தால் கரண்டு இல்லாத ஃபேன் ஷோரூம் மாதிரி இருந்தது.

சங்கம் கைதட்டியது. டாக்டரம்மா ஒரு கூண்டைத் தட்டிப் பார்த்து, "உறுதியா இருக்கு" என்றார். அவர் வாயால் பல்லுக்குக்கூட அந்தப் பாராட்டு கிடைத்ததில்லை.

சரிவுக்குக் கீழே டயர் கடை. கடைக்காரர் சங்கத்துக்குப் பரம எதிரி. சும்மா கிடக்கிற நிலத்தில் பழைய டயர் அடுக்கக் கேட்டார், டாக்டரம்மா விடவில்லை. அதிலிருந்து வாய் ஓயாது.

"என்ன ஃபேன்காரரே, செடிக்கு ஃபேன் போட்டாச்சு. ஏசி எப்போ?"

"முதல்ல உங்க வாய்க்கு ஒரு கூண்டு போடலாம்னு இருக்கேன்" என்றார் மாமா. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. செடியும் பிழைக்கும், மேனேஜரும் பிழைக்கும், யாரும் யாரையும் கட்டிப்போட வேண்டாம்.

உலகத்தில் எத்தனையோ ஆடு இருக்கிறது. ஃபேன் கூண்டின் க்ளிப்பைத் திறக்கத் தெரிந்த ஆடு ஒன்றே ஒன்றுதான். அதன் வாய்க்குத் தப்ப வைக்க அவர் போட்ட பூட்டு அந்த க்ளிப்தான். இது மாமாவுக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் தோன்றவில்லை. மேனேஜருக்குத்தான் தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது ஒரு கூண்டு திறந்து கிடந்தது. கம்பி வளையவில்லை. க்ளிப் உடையவில்லை. பாதி பாதியாக அழகாகப் பிரிந்து, நடுவில் செடி மொட்டையாக நின்றது. மாமா குனிந்து க்ளிப்பைத் தொட்டார். பிசுபிசுவென்று இருந்தது. சட்டை நுனியால் துடைத்தார். அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு. மாமா க்ளிப்பை இறுக்கினார். மேனேஜருக்கு அது மேல்படிப்பு மாதிரி ஆயிற்று.

டாக்டரம்மா குச்சியைப் பார்த்தார். நடுவில் அதே நார். பிறகு கூண்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆடுதான் தின்னிருக்கு. ஆனா ஆடு க்ளிப்பைத் திறக்காது. யாரோ ஒரு ஆள் திறந்துவிட்டு ஆட்டை ஓட்டிவிட்டிருக்கான்."

முதல் சந்தேகம் என்மேல் வந்தது. அது வழக்கம். ஊரில் சைக்கிள் பஞ்சரானால்கூட என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஆணியைத் தேடுவார்கள். ஆனால் எனக்கு அப்போது அம்மை போட்டு வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்பதற்கு அம்மாவே சாட்சி. அதனால் அடுத்த ஆளுக்குப் போனார்கள். டயர் கடைக்காரர்.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் அவர் பேசியதைக் கேட்டிருந்தார்கள். நகராட்சியில் சொல்லி அவர் கடையை அங்கிருந்து எடுக்க வைப்பது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போய் முகத்துக்கு நேராகக் கேட்பது, மறுநாள் டாக்டரம்மா நகராட்சிக்குப் போவது.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. மேனேஜர் வாசலில் நின்று அதையும் முறைத்துப் பார்த்தது.

"என்னடா?" என்றாள் அம்மா.

"சொன்னா மேனேஜர் போயிடும். சொல்லலன்னா டயர்க்காரர் போயிடுவார்."

"டயர்க்காரனை நீயா வளர்த்த?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"அவரும் சாப்பிடணும்லக்கா."

அம்மா தட்டை எடுத்து மூடிவைத்தாள். பிறகு மேனேஜரைப் பார்த்து, "நீ மட்டும் நல்லாத் தின்னுட்டு வந்திருக்க" என்றாள்.

மறுநாள் மாமா மேனேஜரைக் கடைக்குள் விட்டு ஷட்டரை இறக்கிவிட்டு வந்தார். ஷட்டர் பாதிக்குமேல் இறங்காது. அதற்கு எண்ணெய் போட வேண்டும் என்று அம்மா சொல்லி வருஷமாகிறது.

மேட்டுக்காட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். டயர் கடைக்காரரைக் கூப்பிடப் போக வேண்டிய வேலை வைக்கவில்லை, சேதி கேட்டு அவரே மேலே ஏறி வந்துவிட்டார், கையில் ஜாக்கிக் கம்பியோடு.

"எவன் சொன்னான் நான் திறந்தேன்னு? எனக்கு வாய்தான் நீளம், கை நீளம் கிடையாது!"

"கையில இருக்கிறது என்ன?" என்றார் தபால்காரர்.

"வேலையில இருந்து வர்றேன்யா! கடை போனா எங்க வீட்ல ரெண்டு பொண்ணுங்களும் டயரையா தின்னும்?"

"உங்களைத் தவிர இந்தச் செடிமேல யாருக்குக் கோபம்?" என்றார் டாக்டரம்மா, ஊசி போடுகிற குரலில்.

அப்போது மாமா ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தான் திறந்தேன்."

டயர் கடைக்காரர் கம்பியைக் கீழே இறக்கினார்.

"நீங்களா? நீங்கதானே மாட்டுனீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஆமா. மாட்டினதும் நான்தான். திறந்ததும் நான்தான்."

"ஏன்?"

மாமா இந்தக் கேள்விக்குத் தயாராகவில்லை. பொய் சொல்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். என்னிடம் கேட்டிருந்தால் நாலைந்து சொல்லிக்கொடுத்திருப்பேன்.

"கொஞ்சம் காத்து போகட்டும்னு" என்றார்.

"ஃபேன் கூண்டுக்குள்ள காத்து போகலையா?"

"சரியாப் போகல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அடுத்து என்ன கேட்டிருப்பாரோ தெரியாது. கேட்பதற்குள் சரிவின் கீழே ஒரு கறுப்புக் காது தெரிந்தது.

மேனேஜர் அவசரப்படவில்லை. வழியில் நின்று ஒவ்வொருவரையும் ஒரு பார்வை பார்த்தது. நேராக மேலே இருந்த கடைசிச் செடிக்குப் போனது. அந்த வருஷம் மொட்டு விட்டிருந்தது அது ஒன்றுதான். பெரிய ஸ்டாண்டு ஃபேன் கூண்டு. மேனேஜர் தலையைச் சாய்த்து, உதட்டை மடித்து, முதல் க்ளிப்பைப் பிடித்தது.

டக்.

சங்கமே வாயைத் திறந்துகொண்டு நின்றது. டாக்டரம்மாவுக்கு அத்தனை வாய் திறந்திருந்தும் ஒன்றையும் பார்க்கத் தோன்றவில்லை.

டக்.

மூன்றாவது க்ளிப் கழன்று முன்கூண்டு உருண்டபோது மாமா ஓடினார். மேனேஜரைப் பிடித்து இழுத்திருக்கலாம், வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மாமாவுக்கு அதன்மேல் கை வைத்துப் பழக்கமில்லை. போய்ச் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதன்மேல் கவிழ்ந்து, முகத்தை இலைக்குள் வைத்து, தும்மித் தும்மி, "வேணாம்டி, வேணாம்டி" என்றார். மேனேஜர் கொஞ்சம் யோசித்தது. கிடைத்ததைக் கடித்தது. மாமாவின் சட்டைக் காலர் கிழிந்து வந்தது.

டாக்டரம்மா நடந்து போனார். மாமாவை எழுப்பி உட்காரவைத்துக் காலரைப் பிடித்துப் பார்த்தார். கிழிந்த துணியின் நடுவில் ஒரே ஒரு நூல் அறுபடாமல் நின்றது. பிறகு மேனேஜரின் தாடையைப் பிடித்தார். எத்தனையோ பேர் அந்தப் பிடியில் அழுதிருக்கிறார்கள். மேனேஜர் சமர்த்தாக வாயைத் திறந்தது.

"வலிக்குதான்னு கேளுங்க டாக்டரம்மா" என்றார் டயர் கடைக்காரர்.

டாக்டரம்மா விரலை உள்ளே விட்டு எடுத்தார். "நடுப்பல் இல்ல."

"அது எங்கிட்டதான் இருக்கு" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு. "ஸ்க்ரூ டப்பாவுல."

தபால்காரர்தான் கேட்டார். "விதி?"

"விதி விதிதான்" என்றார் டாக்டரம்மா. இதைச் சொல்லும்போது அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை.

"நீங்க யாரும் பிடிக்கவே இல்லையே, அதுவா நடந்து வந்துச்சு!" என்று டயர் கடைக்காரர் வாதாடிப் பார்த்தார். அவருக்குக் கட்சி மாறி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மாமா எழுந்தார். "நானே கூட்டிட்டுப் போறேன்."

கயிறு எதுவும் இல்லை. மாமா முன்னால் நடந்தார். மேனேஜர் பின்னாலேயே போனது. எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியாது. மாமாவோடு போகிறோம் என்பது தெரியும், அது போதும் அதற்கு.

பட்டி பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. காவல்காரர் வேலிக்கு உள்ளே ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாங்க. இன்னிக்கு லீவு."

"ஆட்டை விட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

"அதான் சொல்றேன். பட்டிக்கு லீவுன்னா ஆட்டுக்கும் லீவு."

மாமா வேலி ஓரமாக உட்கார்ந்துவிட்டார். திரும்பி வீட்டுக்குப் போனால் மறுபடி நாளைக்குக் கூட்டிவரத் தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்போது டயர் கடைக்காரரின் டெம்போ வந்து நின்றது.

"ஏறுங்க. ரெண்டு பேரும்."

"நாளைக்குக் காலையில இங்க வரணும்."

"கொண்டாந்து விடறேன். அதுவரைக்கும் நம்ம கொல்லையில இருக்கட்டும். நாலு பக்கமும் சுவரு." கொஞ்ச தூரம் போன பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்காக இதுவரைக்கும் எவனும் பொய் சொன்னதில்ல ஃபேன்காரரே. அதுவும் இவ்வளவு கேவலமா."

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து மாமா, தன் கடையில் மிச்சமிருந்த கூண்டுகளை டெம்போவில் கொண்டுவந்து, டயர் கடைக் கொல்லையில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் போனாலும் மேட்டுக்காட்டில் செடி இருக்கும், அதற்குக் கூண்டு வேண்டும், பாதி மாட்டிய வேலையை விட முடியாது என்றார். துக்கத்தில் சிலர் குடிப்பார்கள், இவர் க்ளிப் மாட்டினார். மேனேஜர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் திறந்தது. இரட்டை க்ளிப் போட்டார். திறந்தது. தலைகீழாகப் போட்டார். அதற்கு இன்னும் சுலபமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த டயர் கடைக்காரர் கடைசியில் ஒரு பழைய டயரை அறுத்து அதன் ஓரத்தில் இருக்கிற எஃகுக் கம்பியை உருவிக்கொண்டு வந்தார்.

"க்ளிப்பைத் தூக்கிப் போடுங்க. இதைச் சுத்தி முறுக்குங்க. லாரியையே தாங்குற கம்பி."

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியைத் திறப்பதற்கு முன்னால் டாக்டரம்மா வந்தார். சொன்னபடி ஆடு பட்டிக்குப் போகிறதா என்று பார்க்க வந்தாரா, வேறு எதற்காவதா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. கொல்லைக் கதவில் நின்றார். உள்ளே, வாய்பிளந்த கூண்டுகளுக்கு நடுவில், மூடியிருந்த ஒரே கூண்டோடு மேனேஜர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. உதட்டால் தடவியது. முறுக்கைக் கடித்தது. கூண்டின்மேல் ஏறி நின்றது. இறங்கி முட்டியது. தள்ளிப்போய்த் திரும்பி உட்கார்ந்து, எனக்கென்ன என்பதுபோல அசைபோட்டது. பிறகு மறுபடி வந்தது. டாக்டரம்மா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் நோயாளி வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தார்.

"எல்லாத்தையும் திறந்துச்சா?" என்றார் கடைசியில்.

"எல்லாத்தையும்" என்றார் டயர் கடைக்காரர். "இது ஒண்ணுதான் நிக்குது."

"நான் கையால தட்டிப் பாத்துட்டு உறுதியா இருக்குன்னு சொன்னேன்" என்றார் டாக்டரம்மா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு மாமாவிடம், "பட்டிக்குப் போக வேணாம். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துல கேக்கறேன். அதுவரைக்கும் கட்டிப்போடுங்க. கட்டணும். புரியுதா?"

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கேட்டார். இனிமேல் எந்தக் கூண்டும் மேனேஜரிடம் காட்டாமல் மேட்டுக்காட்டுக்குப் போகக் கூடாது. அது திறக்க முடியாததுதான் செடிக்கு. அந்த வேலைக்காக ஆடு ஊரில் இருக்கலாம். ஆனால் எப்போதும் கட்டியே இருக்க வேண்டும், சரிவில் கால் வைக்கக் கூடாது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினார்கள், இரண்டு பேரைத் தவிர. ஒருவர் தபால்காரர். "எங்க அக்கா ஆடுங்களுக்கு இப்படி ஒரு வேலை யாரும் தரலையே" என்றார். மாமா அவர் பக்கத்தில் போய் நின்றார், அவ்வளவுதான். கை தூக்காத இன்னொருவர் மாமா. இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டிருந்தார்.

டயர்க் கம்பி போட்ட கூண்டுக்குள், மாமா கட்டிப்பிடித்த அந்தச் செடி பூத்தது. பூ கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. இவ்வளவு கலாட்டாவும் இதற்குத்தானா என்று நான் கேட்டேன், அம்மா தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். விதையும் விட்டது. டாக்டரம்மா அதைக் குழந்தைகளின் பால்பல்லைப் போட்டுக் கொடுக்கிற சின்ன டப்பாவில் சேர்த்தார். முளைத்ததில் ஒரு கன்றை டாக்டரம்மாவே மாமாவின் கடைக்குக் கொண்டுவந்து, நீளமாக விளக்கம் எதுவும் சொல்லாமல், "வாசல்ல வெயில் விழுது, இங்க வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது கடை வாசலில் டயர்க் கம்பி முறுக்கிய ஒரு டேபிள் ஃபேன் கூண்டுக்குள் அந்தக் கன்று நிற்கிறது. எதிரே மேனேஜர். மாமா நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து தும்மிக்கொண்டே காயில் கட்டுகிறார். மேனேஜர் கழுத்தில் கயிறு இருக்கிறது. கட்டிய முதல் நாள் கத்தியது, மறுநாள் கத்தவில்லை. ஏனென்றால் கயிற்றின் மறுமுனையை மாமா ஷட்டர் கம்பியில் கட்டவில்லை, தன் இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டிருக்கிறார். டீ குடிக்கப் போனாலும் இரண்டு பேராகத்தான் போகிறார்கள்.

"இப்ப யாரை யாரு கட்டிப்போட்டிருக்காங்க?" என்று அம்மா நேற்றுக் கேட்டாள்.

மேனேஜர் கூண்டுப் பக்கம் கழுத்தை நீட்டியது. கயிறு எட்டவில்லை. மாமா கையிலிருந்த காயிலைக் கீழே வைக்காமல், ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.